நானூற்றுப் பதினேழாம் நம்பர் அட்டை

வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கைதான் மடங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"கையைத் தளர விடுடா," என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிய காலத்து அதட்டல் அது. கட்டிலின் மறுபக்கம் நின்ற தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தம்பியின் முதுகுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்குவதற்கு அங்கே என்ன இருந்தது? எலும்பும் தோலும் என்பார்களே, அதில் தோல்கூடக் கொஞ்சம் குறைவுதான்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மூச்சு நின்றது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம், கேட்டுக் கேட்டே யாரும் கவனிக்காமல் போன சத்தம், நின்றுவிட்டது. தம்பி மனைவி ஃபோனில், "வீடு அமைதியா இருக்கு அண்ணி," என்று மட்டும்தான் சொன்னாள். அக்கா ஒரு காலுக்கு வீட்டுச் செருப்பும் மறு காலுக்கு வெளிச்செருப்புமாக ஓடி வந்தாள். சாயங்காலம் வரைக்கும் அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"இதுல மூணாவது பொத்தான் இல்லையே. வேற சட்டை இல்லையா?"

"இருக்கு. ஆனா அதுல பாக்கெட் இல்ல."

"பாக்கெட் எதுக்கு இப்ப?"

தம்பி மனைவி உள்ளே போனாள். ஊசி நூலோடு வந்து, குனிந்து, அவன் நெஞ்சின் மேலேயே வைத்துப் பொத்தானைத் தைத்தாள். பல்லால் நூலை அறுத்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது.

தம்பி வேலை பார்த்தது இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு வார்ப்பட ஆலையில். வாசலுக்கு உள்ளே சுவரில் ஒரு மரச்சட்டம். அதில் வரிசையாகச் செருகிய அட்டைகள், ஆளுக்கு ஒன்று. பக்கத்தில், அட்டையை நுழைத்தால் அதில் நேரத்தை அச்சாகக் குத்தும் கடிகாரம். உள்ளே போகும்போது ஒரு குத்து, வெளியே வரும்போது ஒரு குத்து. வேலையில் இருக்கிற ஒருவர் இறந்துபோனால், அவருடைய அட்டையைச் சட்டத்திலிருந்து எடுத்து வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டார் அதைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்து அனுப்புவார்கள். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு சாவுக்குக்கூட அது தவறியதில்லை.

"எனக்கு எவன் அட்டை கொண்டு வரப்போறான்? நான்தான் அங்க வேலையே பார்க்கலையாமே," என்று போன மாதம்தான் தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, முடிய கால் மணி நேரம் ஆனது. கிண்டலுக்குச் சொன்னதை அவன் மனைவி மனதில் வைத்துக்கொண்டு பாக்கெட் வைத்த சட்டையாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். வராத அட்டைக்கு ஒரு பாக்கெட்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருடம் தம்பி அந்த ஆலையின் மணல் அறையில் வேலை பார்த்தான். வார்த்து எடுத்த இரும்பின் மேல் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்கிற வேலை. அறை முழுக்கப் புழுதி. தலைக்கவசத்துக்குள் சுத்தக் காற்று வரவேண்டிய குழாய் கிழிந்து, அதை அவனே துணி சுற்றிக் கட்டி வைத்திருந்தான். நடுவில் ஒருநாள் அறையில் இருந்த பத்துப் பேரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஆலையின் ஆட்கள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அறை மாறவில்லை, மேஸ்திரி மாறவில்லை, கடிகாரத்தில் குத்துவதும் மாறவில்லை. காகிதம் மட்டும் மாறியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாதத்தின் பதினாலாம் தேதி, வேலை நடுவிலேயே தம்பி சுருண்டு விழுந்தான். பின்வாசல் வழியாகத் தூக்கிப்போய் ஒரு வேனில் போட்டு, ஆஸ்பத்திரியில் 'சாலையோரம் மயங்கிக் கிடந்தவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். இழப்பீடு கேட்டு விண்ணப்பம் போட்டதற்கு ஆலையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. இப்படி ஒருவர் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை.

அந்த வரியை எழுதியவர்களுக்கு, படுத்துக் கிடக்கிறவனுக்கு ஒரு அக்கா இருப்பது தெரியாது. அந்த அக்கா கோர்ட்டுக்கு எதிரே இருபத்தாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் என்பது அதைவிடத் தெரியாது.

மற்றவர்கள் நகல் எடுத்தால் காகிதத்தைத் திருப்பி மட்டும்தான் போடுவார்கள். அக்கா படித்துவிட்டுத்தான் திருப்பிப் போடுவாள். கெட்ட பழக்கம்தான், என்ன செய்வது. ஊரில் பாதிப் பேருடைய பாகப்பிரிவினையும் விவாகரத்தும் அவளுக்கு மனப்பாடம். எந்த மனுவில் எந்த வரி பலித்தது, எது பல்லிளித்தது என்று இளம் வக்கீல்களே வந்து கேட்பார்கள். "ஜெராக்ஸக்கா சொன்னா சரியா இருக்கும்" என்று கோர்ட் வாசலில் ஒரு பேச்சு உண்டு.

அந்த ஒற்றை வரியை அவள் தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து படித்தாள். "இல்லேன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுதுன்னு நினைக்கிறான் பாரு. இது முதல் படிடா. அவன் மறுத்தா இழப்பீட்டு ஆணையர்கிட்ட மனு. அவன் டாக்டர் சிகரெட்டால வந்ததுன்னு எழுதினா, வேற டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கறது. அங்கயும் தோத்தா அறுபது நாளைக்குள்ள மேல்முறையீடு. எல்லாப் படிக்கும் ஃபாரம் இருக்கு. எல்லா ஃபாரமும் நம்ம கடைல இருக்கு."

டாக்டர் படியை ஏறிவிட்டார்கள். நுரையீரலில் இருப்பது கல் தூசிதான், பீடி சிகரெட் இல்லை என்று வெளி டாக்டர் ஒருவர் படத்தைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவன் அந்த ஆலையின் ஆள் என்பது. போன விசாரணையில் ஆலையின் வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பத்தொன்பது வருஷம்ங்கறாங்க. ஒரே ஒரு காகிதம் காட்டட்டும்," என்றார். ஒரு காகிதம்! ஊர்ப்பட்ட காகிதத்தில் புழங்கும் அக்காவிடம் அந்த ஒரு காகிதம் இல்லை. மாதா மாதம் முடிந்த அட்டைகளை ஆபீசில் வாங்கிக்கொள்வார்கள், அத்தோடு சரி. கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்லப் பயந்தார்கள். அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. ஆணையர் கடைசி வாய்ப்பாக ஒரு தேதி கொடுத்தார். அதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

"ஜெயிக்கிறியோ தோக்கறியோ, அது உன் பாடு," என்று தம்பி சொல்லியிருந்தான். "நான் அங்க வேலை பார்த்தேன்னு அவங்கள்ல ஒருத்தன் வாயால சொல்ல வெச்சிடுக்கா. இல்லேன்னா நான் பத்தொம்பது வருஷம் எங்கதான் போயிட்டு வந்தேன்?"

அதைச் சொன்ன வாயை இப்போது அவள் ஈரத்துணியால் துடைத்தாள்.

நாலு மணிக்கு வண்டி வரச் சொல்லியிருந்தது. மூன்று மணிக்கு, ஆலையில் ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, கைகூப்பி, உடம்பின் முன்னால் அளவாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தம்பி மனைவியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பையிலிருந்து ஒரு உறையும், ஒரு காகிதமும், பேனாவும் வெளியே வந்தன.

"மனிதாபிமான அடிப்படையிலம்மா. இறுதிச் செலவுக்கு. இங்க ஒரு கையெழுத்து மட்டும்."

தம்பி மனைவி காகிதத்தைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தாள். அக்கா வந்து அதை வாங்கிக் கீழேயிருந்து மேலே படித்தாள். எந்தப் பத்திரத்தையும் அவள் அப்படித்தான் படிப்பாள். தேளுக்குக் கொடுக்கு வாலில்தானே இருக்கிறது. இருந்தது. எந்தக் கோரிக்கையும் இனி இல்லை, நிலுவையில் உள்ள மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.

"இதுல மனுவை வாபஸ் வாங்கறதா இருக்கே சார்."

"ஆளே போயிட்டாரு. இனிமே கேஸ்னு எதைம்மா இழுத்துட்டுப் போகப்போறீங்க?"

"மனு போட்டவன் செத்தா மனு சாகாது சார். வாரிசைச் சேர்க்கச் சொல்லி ஒரு மனு போட்டா, அவன் விட்ட இடத்துலருந்து அவன் பொண்டாட்டி நடத்துவா. அந்த ஃபாரம் என் கடையில ஒரு கட்டு இருக்கு. வேணும்னா உங்களுக்கும் ஒண்ணு தர்றேன், படிச்சுப் பாருங்க."

ஆபீசர் குரலைத் தாழ்த்தினார். "அவர் எங்க ஆளே இல்லையேம்மா."

"உங்க ஆளே இல்லாதவன் சாவுக்கு நீங்க எதுக்கு சார் வந்தீங்க? வழி தவறிட்டீங்களா?"

சுவரோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அக்கா காகிதத்தை நான்காக மடித்து உறையின் மேல் வைத்து, இரண்டையும் அவர் மடியில் வைத்தாள்.

மூன்றேகால் தாண்டியதும் தெருவில் சைக்கிள்கள் வந்து நிற்கிற சத்தம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த ஷிப்ட் விட்டிருந்தது. மணல் அறைக்காரர்கள் ஒன்பது பேரும் அப்படியே வந்திருந்தார்கள், புருவத்தில் தூசியோடு. ஆபீசர் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒன்பது பேரும் வாசல்படியிலேயே தேங்கிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒல்லியான ஒரு மனிதர் உள்ளே வந்தார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்தார்.

அவர்தான் நிமிஷம். ஆலையின் நேர அலுவலகத்தில் அட்டைச் சட்டத்துக்குப் பொறுப்பாளர். அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ. ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கு வந்தவனுக்கும் சிவப்பு மையில் சுழித்து அரை மணி நேரக் கூலியை வெட்டிவிடுவார். அதனால் வந்த பெயர். மாமனாரே ஆனாலும் விடமாட்டார் என்பார்கள். மாமனாருக்கே ஒருமுறை வெட்டினார் என்பதும் உண்மை. தம்பி அவரைத் திட்டாத நாளே கிடையாது.

நிமிஷம் யாரையும் பார்க்கவில்லை. உடம்பின் முன்னால் நேராக நின்று, சட்டையின் உள்ளேயிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். உறையிலிருந்து ஓர் அட்டை வந்தது.

"நம்பர் நானூத்திப் பதினேழு. மணல் ரூம்," என்றார், ஆஜர் கூப்பிடுகிற குரலில். பிறகு தம்பி மனைவியிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் மடியில் இருந்த பண உறை கீழே விழுந்தது.

"அதை இங்க குடுங்க. கம்பெனி சொத்து அது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. முகம் வெளுத்துவிட்டது. வாயிலிருந்து போன வார்த்தையை யார் பிடித்துத் தர முடியும்? உள்ளேயும் வாசலிலுமாக நாற்பது பேர் இருந்தார்கள்.

அக்கா மெதுவாக, மிக மரியாதையாகக் கேட்டாள். "என்ன சார் சொன்னீங்க? வாசல்ல நிக்கறவங்களுக்கு சரியாக் கேக்கலையாம்."

ஆபீசர் நிமிஷத்தின் பக்கம் திரும்பினார். "யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தீங்க?"

"யாரையும் கேக்க வேண்டியதில்ல சார். வேலையை விட்டு நின்னா, கையெழுத்து வாங்கிட்டு அட்டையை எடுக்கணும். செத்தா, எடுத்து வீட்டுல குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்காம சட்டத்துலருந்து அட்டையை எடுக்கக் கூடாது. இவர் நின்னுட்டேன்னு கையெழுத்துப் போடல. அதனால ரெண்டு வருஷமா அட்டை அங்கயே இருந்தது. இன்னைக்குக் காலைல செத்துட்டார். எடுத்துட்டு வந்தேன்."

"பழைய அட்டையெல்லாம் அப்பவே ஆபீசுக்கு வந்தாச்சே!"

"முடிஞ்ச அட்டை வந்திருக்கும் சார். இது முடியலையே. பதினாலாம் தேதி உள்ள வந்த குத்து இருக்கு, வெளிய போன குத்து இல்ல. வெளிய போகாதவன் அட்டையை நான் எப்படி முடிப்பேன்?" நிமிஷம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "நீங்க தினமும் அதைத் தாண்டித்தான் சார் போனீங்க. மேல இருந்து மூணாவது வரிசை."

ஆபீசர் கீழே விழுந்த உறையைக்கூட எடுக்காமல் ஷூவைத் தேடினார். அவர் வெளியே போக, வாசல்படியில் நின்ற ஒன்பது பேரும் வழி விட்டார்கள். யாரும் வணக்கம் வைக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

அக்கா நிமிஷத்திடம் கேட்டாள். "அண்ணே, இப்ப சொன்னதை ஆணையர் முன்னால வந்து சொல்வீங்களா?"

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றார் நிமிஷம்.

அக்காவுக்கு அந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அட்டை தம்பி மனைவியின் கையில் இருந்தது. மஞ்சளேறிய தடித்த அட்டை, தலைப்பில் ஆலையின் பெயர், கீழே தம்பியின் பெயர், நம்பர், அறை, மாதம். இரண்டு வரிசையாக ஊதா மையில் நேரங்கள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. பதினாலாம் தேதிக் கட்டத்தில் உள்ளே ஆறு ஐம்பத்தெட்டு. அதற்கு எதிர்க்கட்டம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் தம்பியின் கட்டைவிரல் அழுக்கு.

அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சட்டைப் பாக்கெட்டின் பக்கம் குனிந்தாள்.

"இரும்மா," என்றாள் அக்கா. என்னவென்று சொல்வாள்? இது ஒன்றைத்தானே அவன் கேட்டான் என்று ஒரு மனம். இது ஒன்றைத்தானே அவர்களும் கேட்டார்கள் என்று இன்னொரு மனம். பாக்கெட்டில் போனால் மயானத்தோடு போயிற்று. நகலை வைத்துக்கொண்டு மூலத்தை அனுப்பலாம் என்றால், நகல் செல்லாது. அதை அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? 'மூலத்தைக் காட்டுங்கள்' என்ற ஒரு வார்த்தையில் எத்தனை பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் கடை வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். இரண்டு வருடம் அலைந்த அலைச்சலை அவள் சொல்லிக்காட்டலாம். நான் சொல்றேன், கொடு என்று வாங்கியும் விடலாம். ஆனால் பொத்தான் தைத்தவள் அவள். பாக்கெட் தேடியவளும் அவள்தான்.

தம்பி மனைவி அண்ணியின் முகத்தையே பார்த்தாள். காலையிலிருந்து அழாத கண்கள். பிறகு அட்டையை நீட்டினாள்.

"ஒரிஜினலை நீங்க வெச்சுக்கங்க அண்ணி. அவருக்குக் காப்பி போதும். அவர் என்ன, கோர்ட்டுக்கா போறார்?"

மணல் அறைக்காரர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்து, சிரித்தபடியே அழுதார். அக்கா அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள். அப்போதுதான் யாரோ, "அக்கா, ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு," என்றார்கள். அவள் இரண்டையும் கழற்றி வீசிவிட்டு நடந்தாள்.

தம்பியை எடுக்கிற நேரத்தில் அக்காக்காரி கடையைத் திறந்தாள் என்று தெருவில் ஒரு வாரம் பேசினார்கள். பேசட்டும்.

ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். நல்ல மெஷினைப் போட்டாள். அது சூடாக இரண்டு நிமிடம் எடுக்கும். பச்சை விளக்கு வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த இரண்டு நிமிடத்தில் அவள் கவுண்டரைத் துடைப்பாள், சில்லறையை அடுக்குவாள், யாரையாவது திட்டுவாள். இன்றைக்கு மெஷினின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையையும் அழுதாள். அதில் துக்கம் எவ்வளவு, வெறி எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெயித்துவிடுவோம் என்று தெரிந்துவிட்டது. இந்தப் பாவி இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா? ஆனால் இவன் இருந்திருந்தால் அட்டை சட்டத்திலேயே அல்லவா இருந்திருக்கும்! அந்த எண்ணம் வந்ததும் அழுகையே நின்றுபோயிற்று. செத்துத்தான் சாட்சி கொண்டுவந்தாயா, என் தங்கமே என்று சத்தமாகச் சொன்னாள்.

பச்சை விளக்கு வந்தது. தடித்த தாளில் முன்பக்கம், பின்பக்கம். நகலை அட்டையின் அளவுக்குக் கத்தரித்தாள். மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின் குத்தாமல், துளை போடாமல், இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அவள் திரும்பியபோது வண்டி வாசலில் நின்றது. நகலைத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். தம்பி மனைவி பாக்கெட்டில் வைக்கப் போனபோது நிமிஷம் ஓரடி முன்னால் வந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததற்கு இன்னொரு நாளாக இருந்தால் கூட்டமே சிரித்திருக்கும். "மூலத்துல யாரும் எழுதக் கூடாது. நகல்ல எழுதலாம்."

பேனாவை எடுத்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பதினாலாம் தேதிக்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தில், வெளியே, நாலு மணி மூணு நிமிஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீல மையில்தான் எழுதினார். ஊதி உலர்த்திவிட்டுக் கொடுத்தார். தம்பி மனைவி அதைப் பாக்கெட்டில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

பதினோராம் நாள் விசாரணை. கோர்ட்டைப் போலவே பெஞ்சும் மின்விசிறியுமாக ஒரு சின்ன அறை. ஆலையின் வக்கீல், அக்கா எடுத்து வந்திருந்த இன்னொரு நகலைப் பார்த்துவிட்டு அலட்சியமாக, "மூலம் எங்கே?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் அக்கா இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். தம்பி மனைவிக்காக வாதாட வந்திருந்த வக்கீலம்மா எழுந்திருப்பதற்குள் பிளாஸ்டிக் உறை ஆணையரின் மேஜைமேல் இருந்தது.

போலியாக இருக்கலாம் என்றார் வக்கீல். இருக்காது என்றார் நிமிஷம். அவர் விசாரணைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தார். "எங்க கடிகாரத்துல எட்டு உடைஞ்சிருக்குங்கய்யா. மேல் வளையம் மூடாது. சரி பண்ணச் சொல்லி ஒன்பது தடவை எழுதிக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் சரி பண்ணல. இப்ப போய் எந்த அட்டையை எடுத்தாலும் அதே எட்டுதான் இருக்கும்."

ஆணையர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆறு ஐம்பத்தெட்டின் எட்டு வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பிறகு அவர் ஆபீசரைக் கூப்பிட்டு, சாவு வீட்டில் 'கம்பெனி சொத்து' என்று சொன்னது உண்டா என்று கேட்டார். ஆபீசர் ஞாபகம் இல்லை என்றார். அறையின் பின் பெஞ்சில் வரிசையாக ஒன்பது பேர் எழுந்து நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்கவில்லை. அடுப்பு எரிகிறதோ இல்லையோ, எழுந்துவிட்டார்கள்.

"எங்களுக்கு ஞாபகம் இருக்குங்கய்யா," என்றார் அவர்களில் மூத்தவர்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. ஏழு பக்கம். அக்கா வழக்கம்போலக் கீழேயிருந்து படித்தாள். தொகை, வட்டி, கட்ட வேண்டிய தேதி எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் தாண்டி மேலே போய், ஐந்தாம் பக்கத்தில் அந்த வரியைப் பிடித்தாள். இறந்தவர் எதிர்மனுதாரர் ஆலையின் தொழிலாளியே என்றும், பணியில் இருக்கும்போதே பாதிக்கப்பட்டார் என்றும் இந்த மன்றம் முடிவு செய்கிறது.

"அவங்க மேல்முறையீடு போவாங்களா அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்டாள். கடையில், மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"போகட்டுமே. அறுபது நாள் இருக்கு அவங்களுக்கு. தீர்ப்பான தொகையை முதல்ல கட்டிட்டுத்தான் போகணும். அப்புறம் மேல எந்த ஜன்னல்ல என்ன ஃபாரம்னு எனக்குத் தெரியும்."

ஷிப்ட் விட்டு மணல் அறைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் இருமல் உண்டு, அவர்களும் அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். உத்தரவில் ஆளுக்கு ஒரு நகல் கேட்டார்கள். ஒருவர் பையில் கை விட்டார். அக்கா முறைத்த முறைப்பில் கை வெளியே வந்துவிட்டது.

அவள் தலைகளை எண்ணினாள். எண்ணை அழுத்தினாள். மெஷினின் வெளிச்சம் கண்ணாடிக்குக் கீழே போய் வந்துகொண்டே இருந்தது. ஏழு பக்கங்களாக அடுக்கி, ஓரம் தட்டி, ஊசி அடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். மூத்தவர் ஐந்தாம் பக்கத்தைத் தேடி எடுத்து அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள், அவரவர் கையிலும் ஒன்று இருப்பதை மறந்துவிட்டு.

தட்டில் ஒரு அடுக்கு மிச்சம் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அக்கா எண்ணைத் தப்பாக அழுத்தியதில்லை.

"ஒண்ணு கூட இருக்கே அண்ணி. பத்து போட்டுட்டீங்க."

"இருக்கட்டும்," என்றாள் அக்கா, மெஷினைத் துடைத்துக்கொண்டே.

தம்பி மனைவி அந்த அடுக்கை எடுத்தாள். காகிதம் இன்னும் சூடாக இருந்தது. மடியில் வைத்து, ஒரு சட்டைப் பாக்கெட்டுக்குள் போகிற அளவுக்கு அதை நிதானமாக மடித்தாள்.